பாட்டிலும் கடிகாரமும்

“டாக்டர், மாத்திரை எல்லாம் வேண்டாம், ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள். உடனே தெம்பாக எழுந்து உட்கார்ந்துவிடுவார்.” காய்ச்சல் காலத்தில் திருச்சியில் எந்த மருத்துவமனையில் காத்திருந்தாலும் இந்த வேண்டுகோள் காதில் விழும். சிரை வழியே ஏற்றப்படும் மருந்து மாத்திரையைவிட வலிமை மிக்கது என்றும், அது எவ்வளவு வேகமாக உள்ளே போகிறதோ அவ்வளவு வேகமாக நோய் தீரும் என்றும் நம்மில் பலர் நம்புகிறோம். இவ்விரு நம்பிக்கைகளும் தவறானவை. அவற்றுள் இரண்டாவது ஆபத்தானதும்கூட. இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. அத்தவற்றை என் கையாலேயே செய்தவன் நான்.

என் தந்தையார் பொன்மலை ரயில்வே பணிமனையில் பாய்லர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் சிறுநீரகத்தில் பாக்டீரியாத் தொற்று ஏற்பட்டது. குளிர்காய்ச்சல், ஓயாத வாந்தி, விழுங்கிய மாத்திரை வயிற்றில் தங்கவில்லை. மருத்துவமனையில் சேர்த்தோம். லீவோஃபிளாக்சசின் என்னும் மருந்து 500 மில்லிகிராம் கலந்த 100 மில்லிலிட்டர் பாட்டிலைச் செவிலியர் தொங்கவிட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணிச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அப்போது இரவு மணி ஒன்பதரை. நான் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். மறுநாள் காலை முதல் வகுப்பு என்னுடையது. சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. குழாயிலுள்ள சிறு உருளையைச் சற்று மேலே தள்ளினேன். சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒழுகத் தொடங்கின.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். “தம்பி, கண்ணை இருட்டுதுடா” என்றார் தந்தை. நெற்றியெல்லாம் வியர்வை. ஓடிவந்த செவிலியர் உருளையை மூடினார். இரத்த அழுத்தம் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. நல்லவேளையாக ஒரு மணி நேரத்திற்குள் அவர் தேறிவிட்டார். அன்று இரவு நான் வீடு திரும்பவில்லை.

நான் செய்த தவறு என்ன? இதை அறியப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். இம்மருந்தில் 500 மி.கி. அளவை 60 நிமிடத்துக்குக் குறையாமலும், 750 மி.கி. அளவை 90 நிமிடத்துக்குக் குறையாமலும் செலுத்த வேண்டும் என்பது விதி. வழக்கமாகப் பயன்படும் குழாயில் ஏறத்தாழ 20 சொட்டுகள் சேர்ந்தால் 1 மி.லி. ஆகும். ஆகவே 100 மி.லி. என்பது 2,000 சொட்டுகள். அதை 60 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 33 சொட்டுகள். அதாவது, இரண்டு நொடிக்கு ஒரு சொட்டைவிடச் சற்றே அதிகம். செவிலியர் எண்ணிச் சரிசெய்தது இந்தக் கணக்கைத்தான். நான் அதை மும்மடங்கு ஆக்கிவிட்டேன்.

“மருந்தின் அளவு மாறவில்லையே, வேகம்தானே மாறியது?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஓய்வாகப் படுத்திருக்கும் ஒருவருடைய இதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. கைச்சிரையில் நுழையும் மருந்து சில நொடிகளிலேயே இதயத்தை அடைந்துவிடும். மெதுவாகச் செலுத்தினால், மருந்து இரத்தத்தில் கலந்து திசுக்களுக்குப் பரவ அவகாசம் கிடைக்கிறது. விரைந்து செலுத்தினால், பரவுவதற்கு முன்பே இரத்தத்தில் அதன் செறிவு மிகுந்துவிடுகிறது. அதனால் இரத்த அழுத்தம் சட்டென வீழலாம். இக்குடும்ப மருந்துகள் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கையும் குலைக்கக்கூடியவை. பெய்த மழையின் அளவு ஒன்றே ஆனாலும், ஒரு வாரம் பெய்தால் காவிரி நிதானமாக ஓடும். ஒரே இரவில் பெய்தால் கரை உடையும்.

உருளையைத் தொடாமலேகூட வேகம் மாறலாம். சிரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பாட்டில் தொங்கினால், அந்நீர்மத்தின் அழுத்தம் ஏறத்தாழ 9,800 பாஸ்கல். பாதரச அளவில் சொன்னால் 74 மில்லிமீட்டர். பாட்டிலை உயர்த்தினால் இது கூடும். நோயாளி எழுந்து உட்கார்ந்தால் குறையும். அவர் கையை மடக்கினால் ஓட்டமே நின்றுபோகலாம். ஆகவே ஒருமுறை எண்ணினால் போதாது. இடையிடையே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி இம்மருந்தைப் பற்றிச் சிறிது பார்ப்போம். லீவோஃபிளாக்சசின், சிப்ரோஃபிளாக்சசின், மாக்சிஃபிளாக்சசின் ஆகியவை ஃபுளோரோகுயினலோன் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் மூதாதை 1962இல் அறிவிக்கப்பட்ட நாலிடிக்சிக் அமிலம். மலேரியா மருந்தான குளோரோகுயினைத் தயாரிக்கும் வேலையில் கிடைத்த ஒரு துணைப்பொருளிலிருந்து பிறந்தது அது. பின்னர் மூலக்கூறில் ஒரு ஃபுளோரின் அணுவைச் சேர்த்ததும் அதன் ஆற்றல் பன்மடங்கு பெருகியது. லீவோஃபிளாக்சசின் என்ற பெயரிலேயே ஓர் இயற்பியல் பாடம் அடங்கியிருக்கிறது. முனைவாக்கப்பட்ட ஒளியின் தளத்தை இடப்புறமாகச் சுழற்றும் மூலக்கூறு என்பதையே ‘லீவோ’ என்னும் முன்னொட்டு குறிக்கிறது.

இது பாக்டீரியாவை எப்படிக் கொல்கிறது? நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரான். அதனுள் இருக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டினாலோ சுமார் 1.5 மில்லிமீட்டர் இருக்கும். தன் உடலைப்போல் எழுநூறு மடங்குக்கும் நீளமான கயிற்றை அது வயிற்றுக்குள் வைத்திருக்கிறது! முறுக்கிய கயிற்றின் இரு புரிகளைப் பிரித்துப் பாருங்கள். பிரிக்காத பகுதியில் முறுக்கு ஏறிச் சிக்கலாகும். பாக்டீரியா இனம் பெருக்க இப்புரிகளைப் பிரித்தே ஆகவேண்டும். ஏறும் முறுக்கைத் தளர்த்த, இழையை வெட்டித் திருப்பி மீண்டும் ஒட்டும் ஒரு நொதி அதனிடம் உள்ளது. 1976இல் மார்ட்டின் கெல்லர்ட் குழுவினர் கண்டறிந்த ‘கைரேஸ்’தான் அது. நம் மருந்து, நொதி இழையை வெட்டிய நிலையில் பிடித்துக்கொண்டு, மீண்டும் ஒட்டவிடாமல் தடுக்கிறது. வெட்டுண்ட டி.என்.ஏ.வோடு பாக்டீரியா மடிகிறது.

வைரசிடம் கைரேஸ் கிடையாது. ஆகையால் சளிக் காய்ச்சலுக்கோ டெங்குவுக்கோ இம்மருந்து பயன்படாது. அதைப் பாட்டிலில் ஏற்றினாலும் பயனின்மை பயனின்மைதான்.

பாட்டில் வலிமை மிக்கது என்னும் முதல் நம்பிக்கைக்கு வருவோம். வாய்வழி உண்ட லீவோஃபிளாக்சசினில் ஏறத்தாழ 99 விழுக்காடு இரத்தத்தைச் சேர்ந்துவிடுகிறது. நோயாளியால் விழுங்க முடியும், குடலும் நன்றாக உறிஞ்சுகிறது என்றால், 500 மி.கி. மாத்திரையும் 500 மி.கி. பாட்டிலும் ஏறக்குறைய ஒன்றே. பாட்டில் தேவைப்படுவது வாந்தி நிற்காதவருக்கு, நினைவிழந்தவருக்கு, நோய் கடுமையாகி உயிருக்குப் போராடுபவருக்கு. என் தந்தைக்கு அது தேவைப்பட்டது. மூன்றாம் நாள் வாந்தி நின்றதும் மருத்துவர் மாத்திரைக்கு மாற்றிவிட்டார். தேவையில்லாதபோது சிரையில் ஊசியைக் குத்தி வைத்திருப்பது கிருமிக்கு ஒரு வாசலைத் திறந்து வைப்பதாகும்.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. மக்னீசியம், கால்சியம் போன்ற உலோக அயனிகள் இம்மருந்தைப் பற்றிப் பிணைத்துக்கொள்ளும். ஆகவே அவை கலந்த நீர்மத்தை ஒரே குழாயில் சேர்த்துச் செலுத்தலாகாது. மாத்திரையாக உண்ணும்போதும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் அமில முறிவு மருந்துக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். புறஊதாக் கதிர் பட்டால் இம்மருந்து உண்டவரின் தோல் எளிதில் கன்றிவிடும். திருச்சி வெயிலில் இது சிறிய செய்தி அன்று. அறுபது வயதைக் கடந்தவர்க்கும் ஸ்டீராய்டு உட்கொள்வோர்க்கும் குதிகால் தசைநாண் வீங்கவோ அறுபடவோ வாய்ப்பு மிகுதி என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் எச்சரித்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம் என 2018இல் அது எச்சரிக்கையை வலுப்படுத்தியது. சர்க்கரையின் அளவை மிகுதியும் குலைத்த கேட்டிஃபிளாக்சசின் என்னும் உறவினரை, கண் சொட்டு மருந்து நீங்கலாக, நம் நாடு 2011 மார்ச்சில் தடை செய்தது. சிறுநீரகம் நலிந்தவர்க்கு லீவோஃபிளாக்சசினின் அளவையே குறைக்க வேண்டும்.

அப்படியானால் இது கெட்ட மருந்தா? அன்று. உயிர் காக்கும் மருந்து. அதனாலேயே வீணாக்கக் கூடாதது. டைபாய்டின் வரலாறு நமக்கு ஒரு பாடம். ஒரு காலத்தில் அந்நோய்க்குக் குளோராம்ஃபெனிகால் கைகண்ட மருந்தாயிருந்தது. 1972இல் கோழிக்கோட்டில் அதற்கு அடங்காத டைபாய்டு பரவியது. பிறகு சிப்ரோஃபிளாக்சசின் அந்த இடத்துக்கு வந்தது. தொட்டதற்கெல்லாம் அதைப் பயன்படுத்தினோம். இன்று இந்தியாவின் டைபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை அதற்கும் முன்போல் அடங்குவதில்லை. இதைவிடக் கவலை தருவது காசநோய். வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு லீவோஃபிளாக்சசினும் மாக்சிஃபிளாக்சசினும் இன்றியமையாத ஆயுதங்கள். 1956 முதல் சென்னையில் இயங்கிவரும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இக்குடும்ப மருந்துகளை அந்நோய்க்கு எதிராகச் சோதித்திருக்கிறது. ஆராயாமல் இருமலுக்கு இதைக் கொடுத்தால், மறைந்திருக்கும் காசநோய் சில நாள் அடங்கியதுபோல் காட்டி, கண்டறிவதைத் தாமதப்படுத்தும். கிருமியும் மருந்துக்குப் பழகிவிடும்.

இதையெல்லாம் உணர்ந்தே, 2012இல் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2014 மார்ச் 1 முதல் லீவோஃபிளாக்சசின், மாக்சிஃபிளாக்சசின் உள்ளிட்ட மருந்துகள் ‘எச்-1’ பட்டியலில் வந்தன. மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாது. விற்ற விவரத்தைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். சட்டம் இருக்கிறது, அதைக் கேட்டு நடக்கும் மனம்தான் இன்னும் நம்மிடம் முழுமையாக வரவில்லை.

“அன்றாடம் கூலிக்குப் போகிறவன் நாலு நாள் படுத்திருக்க முடியுமா? பாட்டில் ஏற்றினால் மறுநாள் வேலைக்குப் போகலாமே” என்பார் உண்டு. அவருடைய கவலை நியாயமானது. ஆனால் அதற்குப் பாட்டில் விடையாகாது. ஏற்றிய நீரும் உப்பும் தரும் தெம்பை மருந்தின் வேலை என்று அவர் எண்ணிவிடுகிறார். விழுங்க முடிந்தவருக்கு அந்த நீரை ஒரு குவளை கஞ்சியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் தந்துவிடும். பாட்டிலுக்குக் கொடுக்கும் பணமோ அவருடைய ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும்.

என் யோசனைகள் இரண்டு. ஒன்று, மருத்துவமனைகளுக்கு: ஒவ்வொரு மருந்துப் பாட்டிலிலும் ஒரு துண்டுத்தாளை ஒட்டி, தொடங்கும் நேரம், முடிய வேண்டிய நேரம், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று தமிழில் எழுதி வையுங்கள். செலவு ஒரு காகிதம். பயன் ஓர் உயிராகவும் இருக்கலாம். ஏன் மெதுவாக விழுகிறது என்று தெரிந்திருந்தால், அன்று நானும் உருளையைத் தொட்டிருக்கமாட்டேன். மற்றொன்று, மாணவர்களாகிய உங்களுக்கு: வகுத்தல் கணக்கு தெரிந்த எவரும் சொட்டுகளை எண்ண முடியும். வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருந்தால் அருகிலமர்ந்து எண்ணுங்கள். வேகம் மாறியிருந்தால் செவிலியரை அழையுங்கள். நீங்களாக உருளையைத் தொடாதீர்கள். “பாட்டில் ஏற்றுங்கள்” என்று பெரியவர்கள் கேட்கும்போது, “மாத்திரை போதுமா என்று டாக்டரிடம் கேட்போமே” என்று பணிவோடு சொல்லுங்கள்.

மறுநாள் காலை என் தந்தையிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். “முப்பது வருஷம் பாய்லரோட வேலை பார்த்தேன். குளிர்ந்து கிடக்கிற பாய்லரில் ஒரே மூச்சில் தீயை ஏத்தமாட்டோம். தகடு ஒரு பக்கம் விரியும், ஒரு பக்கம் விரியாது, விரிசல் விடும். பொறுமையா ஏத்தணும். இது உனக்குத் தெரியாதா? இயற்பியல் வாத்தியாராச்சே!” என்றார்.

தெரிந்துதான் இருந்தது. ஆனால் வகுப்பறையில் தெரிந்தது, கட்டில் பக்கத்தில் நினைவுக்கு வரவில்லை. உங்களுக்கு அது தக்க நேரத்தில் நினைவுக்கு வரவேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.