“முற்றட்டும்” என்னும் சொல்

எம்மூரிலும் அயலூர்களிலும் முதியோரின் பார்வை குன்றுமாயின், “புரை படர்ந்திருக்கும், முற்றட்டும், பிறகு வெட்டுவிக்கலாம்” என்று கூறி ஆறியிருத்தல் வழக்கம். கண்புரைக்கு அச்சொல் முன்னாளிற் பொருந்தியது. இன்று அதற்கும் காத்திருக்க வேண்டுவதில்லை. எனினும் காத்திருந்தவரும் பெரும்பாலும் சத்திரசிகிச்சையாற் பார்வையை மீளப் பெறுகின்றனர். நீரிழிவாளர் திறத்திலோ அச்சொல் கேடாய் முடியும்.

விழித்திரையின் நடுவே உள்ளது மஞ்சட்பொட்டு. எழுத்தை வாசிப்பதும் முகத்தை அறிவதும் அதனாலேயே. குருதியிற் சீனி நெடுநாள் மிக்கு நிற்பின், விழித்திரையின் நுண்குழாய்கள் நலிந்து நீர் கசியும், மஞ்சட்பொட்டு வீங்கும். நோவுமில்லை, கண் சிவத்தலுமில்லை. ஆதலால் பலர் அதனையும் புரையென்றே எண்ணுகின்றனர். வீக்கம் நீடித்தால் ஒளியை உணரும் கலங்கள் அழியும். அழிந்தவை மீள முளைப்பதில்லை.

மருத்துவம் இல்லாமலில்லை. கண்ணுள் ஏற்றும் ஊசிமருந்தே இன்று முதன்மையானது. லேசர் ஒளியும் உதவும். கண்ணினுள்ளே நிறைந்த பளிங்குப் பசையின் பின்படலம் மஞ்சட்பொட்டைப் பற்றி இழுக்குமாயின், சத்திரசிகிச்சை வேண்டப்படும். அப்பசையை நுண்கருவியால் அகற்றும் முறையை 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மியாமி நகரில் றொபேட் மக்கெமர் தொடக்கினார். அம்முறையால் இழுவை நீங்கி வீக்கம் தணிவதை 1992இல் லூயிஸ் முதலிய மருத்துவர்கள் எழுதி வெளியிட்டனர். அமெரிக்காவிற் பயின்று மீண்ட பத்ரிநாத் 1978இற் சென்னையில் நிறுவிய சங்கர நேத்திராலயம், இத்தகைய விழித்திரைச் சிகிச்சையைத் தமிழ்நாட்டிற் பரப்பியது. ஆயினும் எத்துணைத் தேர்ந்த கையும் இழுவையை நீக்குமேயன்றி, அழிந்த கலத்தை உயிர்ப்பிக்காது. புரை முற்றினாலும் வைத்தியர்க்கு வழியுண்டு. விழித்திரை முற்றக் கெட்டபின் அவர்க்கும் வழியில்லை.

ஆகவே நீரிழிவு கண்டறியப்பட்டவுடனும், அதன்பின் ஆண்டுக்கொருமுறையும், மருந்திட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைச் சோதிப்பித்தல் வேண்டும். பார்வை தெளிவாயிருப்பவர்க்கும் இது கடன்.

“பட்டிருப்புப் பாலங் கடந்து மட்டக்களப்புக்குப் போய்வந்தால் ஒருநாட் கூலி போய்விடுமே” என்பார்க்கு யாது விடை? அவர் கூற்று மெய்யே. அறிவுரை மட்டும் அதற்கு விடையாகாது. தமிழ்நாட்டில் மருத்துவ வண்டிகள் சிற்றூர்களுக்குச் சென்று விழித்திரையைப் படம்பிடித்து, செயற்கைக்கோள் வழியாக நகரத்து வைத்தியர்க்கு அனுப்பியதுண்டு. நோயாளி நகரத்தை நாடாமலே, கண்ணின் படம் நகரத்தை அடைந்தது.

யூபிலி ஆண்டில் நினைவுச்சின்னம் எழுப்புதல் நம் மரபு. அதனை யான் இகழேன். ஆயினும் பழைய மாணவர் சங்கம் அந்நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி, அரச வைத்தியசாலையின் கண் வைத்தியரைக் கலந்து, ஆண்டுக்கொருமுறை பழுகாமத்தில் இத்தகைய சோதனை நடத்துவிக்குமாயின் அதுவே மேலான நினைவாகும் என்பது என் துணிபு. மாணவர்காள், நீங்களும் அதுவரை வாளாவிராதீர். வீட்டிற் சீனி வருத்தமுள்ள பாட்டனாரையும் பாட்டியாரையும் இவ்வாண்டு கண் காட்டினீர்களா என்று இன்றே கேளுங்கள். “முற்றட்டும்” என்பாராயின், அழைத்துச் செல்லும் நாளை நீங்களே குறித்துவிடுங்கள்.