எச்.டி. பிரேக்கர் எல்.டி. கேபிளைக் காக்காது

கோவை, திருப்பூர் பக்கத்து ஆலைகளில் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கும் போதெல்லாம் கேட்கும் வாதம் இது: "இப்போதைக்கு நம்ம சுமை 240 ஆம்பியர்தான். அதுக்கேத்த கேபிள் போட்டாப் போதும். ஏதாவது ஆனா மேலே எச்.டி. பிரேக்கர் இருக்கே, அது விழுந்துடும்." செம்பும் அலுமினியமும் விற்கும் விலையில் இது சிக்கனமாகத்தான் படும். ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

11,000/433 வோல்ட், 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையில் எல்.டி. பக்கம் 667 ஆம்பியர், எச்.டி. பக்கம் 26.2 ஆம்பியர். இரண்டுக்கும் உள்ள விகிதம் 25.4. எச்.டி. ரிலே டிரான்ஸ்ஃபார்மரின் முழுச் சுமைக்குக் குறைவாகச் செயல்படக்கூடாது என்பதால், அதன் எல்லையை 26.2-க்கு மேலேதான் வைத்திருப்பார்கள். இப்போது 300 ஆம்பியர் தாங்கும் கேபிளில் யாரோ புது இயந்திரங்களைச் சேர்த்து 600 ஆம்பியர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் தன் தகுதிக்கு இரண்டு மடங்கு சுமக்கிறது. மேலே ரிலேக்குத் தெரிவது 23.6 ஆம்பியர். அதன் பார்வையில் டிரான்ஸ்ஃபார்மர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. கேபிளின் காப்புறை வெந்துகொண்டிருப்பது அதற்குத் தெரிய வழியே இல்லை.

எர்த் ஃபால்ட் என்றால் நிலைமை இன்னும் மோசம். நம் ஊர் விநியோக டிரான்ஸ்ஃபார்மர்கள் பெரும்பாலும் டெல்டா–ஸ்டார். எல்.டி. பக்கம் ஒரு ஃபேஸ் பூமியைத் தொட்டு 600 ஆம்பியர் பாய்ந்தால், எச்.டி.யில் இரண்டு லைன்களில் மட்டும் சுமார் 13.6 ஆம்பியர் கூடுகிறது. காரணம், விகிதத்தோடு 0.577-ம் சேர்ந்துகொள்கிறது. அந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் கூட்டுத்தொகை பூஜ்யம், எச்.டி.யின் எர்த் ஃபால்ட் ரிலே அசையாது. அமெரிக்க மின்நெறி இதனால்தான் ஸ்டார் செகண்டரியின் கம்பிகளுக்கு பிரைமரி பக்கத்துப் பாதுகாப்பைக் காப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை. செகண்டரியில் இரண்டே கம்பி உள்ள சிங்கிள் ஃபேஸ், டெல்டா–டெல்டா மூன்று கம்பி ஆகிய இரண்டுக்கும்தான் விலக்கு.

"ஷார்ட் சர்க்யூட்ல எல்லாமே விழும்" என்பார்கள். அது பெருமளவு சரிதான். 5% இம்பீடன்ஸ் என்றால் டெர்மினலிலேயே ஷார்ட் ஆகும்போது மேல்வரம்பாக 13.3 கிலோ ஆம்பியர் பாயும். 150 சதுர மி.மீ. எக்ஸ்எல்பிஇ அலுமினியக் கேபிள் ஒரு விநாடிக்கு 14.1 கிலோ ஆம்பியர் தாங்கும். எனவே அது பிழைத்துவிடும். கேபிளைக் கொல்வது 13,000 அல்ல, மணிக்கணக்கில் நின்று ஓடும் 500 ஆம்பியர். வெடிச்சத்தம் இருக்காது, புகை வந்த பிறகுதான் தெரியும்.

"டிரான்ஸ்ஃபார்மரே தாங்கும்போது கேபிள் தாங்காதா?" என்றும் ஒரு கேள்வி உண்டு. எண்ணெய் சூடேற மணிக்கணக்காகும். ட்ரேயில் கிடக்கும் கேபிள் அதைவிட எத்தனையோ விரைவில் சூடேறிவிடும்.

கேட்டலாக்கின் ஆம்பியர் மட்டும் பார்த்து வாங்குவதும் இதே வகைச் சிக்கனம்தான். 450 என்று அச்சடித்திருந்தாலும், நெருக்கமாக அடுக்கிய அகழியில் 0.8 பெருக்கெண் விழுந்தால் அது 360 ஆகிவிடும். இரண்டு கேபிள் இணையாகப் போட்டால் நீளமும் லக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒன்று கூடுதலாகச் சுமக்கும். மூன்றரை கோர் கேபிளின் பாதி நியூட்ரலும் எல்.இ.டி., யு.பி.எஸ். நிறைந்த கட்டடத்தில் போதாமல் போகலாம். மூன்றாம் ஹார்மோனிக் ஃபேஸில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால், நியூட்ரலில் ஃபேஸ் அளவு மின்னோட்டம் வந்துவிடுகிறது.

சின்ன கேபிளே கூடாதா? கூடும். எல்.டி. பக்கத்திலேயே, டிரான்ஸ்ஃபார்மருக்கு மிக அருகில், அந்தக் கேபிளின் தகுதிக்கு மேல் போகாத பிரேக்கர் இருந்தால் தாராளமாகப் போடலாம். சுமை ≤ பிரேக்கர் ≤ கேபிள் என்ற வரிசை மாறாமல் இருந்தால் போதும். டெர்மினலிலிருந்து பிரேக்கர் வரையிலான துண்டுக்கு மட்டும் ஓவர்லோடு காவல் முன்னால் இல்லை. அமெரிக்க நெறி அதை 10 அடி, 25 அடி என்று அளந்து நிபந்தனைகளோடுதான் விடுகிறது.

ஆனால் அந்த பிரேக்கர் 630 ஆம்பியர் ஏசிபியாக இருந்து, செட்டிங்கை மட்டும் 0.4-க்கு இறக்கி 252 ஆக்கியிருந்தால் எனக்குத் திருப்தி இல்லை. அடுத்த ஆண்டு இரண்டு இயந்திரம் கூடும்போது அடிக்கடி டிரிப் ஆகிறதென்று யாராவது ஸ்க்ரூடிரைவரால் அதை 1.0-க்குத் திருப்பிவிடுவார்கள். 240 ஆம்பியர் சுமைக்கு 250 ஆம்பியர் எம்சிசிபி ஒன்றை வாங்கிப் போடுங்கள். அதற்கு மேல் அதைத் திருப்ப முடியாது. சுமை கூடினால் பிரேக்கரை மாற்றியாக வேண்டும், அப்போது கேபிளையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.