"வெயிட் எவ்வளவும்மா?" - முதல் கயாக் வாங்கப்போகும் எக்ஸ்எல் தோழமைகளுக்கு!

பத்துப் பேர் நிற்கிற வரிசையில், துடுப்பைப் பிடித்தபடி ஓர் அண்ணன் "வெயிட் எவ்வளவும்மா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? நான் "எழுபத்தஞ்சுண்ணே" என்றேன். உண்மையில் 98.

போன வருடம் ஓர் உப்பங்கழிப் படகுத்துறையில் நடந்தது இது. எழுபத்தைந்துக்கு ஏற்ற ஒல்லிக் கயாக் வந்தது. உட்கார்ந்ததும் இடுப்பு இரண்டு பக்கமும் சிக்கிக்கொண்டது. லைஃப் ஜாக்கெட்டின் கடைசி பக்கிள் பூட்டவில்லை; அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பத்துத் தடவை துடுப்பு வலிப்பதற்குள் கவிழ்ந்தேன். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனி இந்தப் பக்கமே வேண்டாம் என்றிருந்தவளை மாற்றியது காரங்காடு. ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவ கிராமம். ஊர்க்காரர்களோடு சேர்ந்து வனத்துறை அங்கே சூழல் சுற்றுலா நடத்துகிறது. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம், கயாக்கிலும் போகலாம். இந்த முறை கேட்பதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட்டேன். "சரிம்மா, அந்த அகலமானதுல ஏறிக்கோங்க" என்றார்கள். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் மரங்கள் இருக்க, கொக்குக்கு இவ்வளவு பக்கத்தில் நான் போனதே இல்லை. திரும்பும்போதே சொந்தமாக ஒன்று வாங்கும் ஆசை வந்துவிட்டது.

கயாக் ஆர்க்டிக் பகுதியில் வாழும் இன்யூட் மக்களின் வேட்டைப் படகு. மரச்சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துத் தைத்து, ஓட்டுகிறவரின் உடம்பை அளந்தே செய்வார்களாம். அகலத்துக்கு இடுப்பளவோடு இரண்டு கைமுஷ்டி சேர்ப்பது ஒரு கணக்கு. அதாவது, நம் ஊரில் அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைப்பது மாதிரி! ரெடிமேடில் கை நுழையவில்லை என்றால் கையையா குறை சொல்கிறோம்?

கயாக் விளம்பரத்தில் 'அதிகபட்ச எடை' என்று ஒரு எண் இருக்கும். அது நிம்மதியாக ஓட்டக்கூடிய எடை அல்ல. அதில் சுமார் 70 சதவிகிதத்துக்குள் நின்றால்தான் படகு ஒழுங்காக மிதக்கும், திரும்பும். என் கணக்கையே பாருங்கள்... 98 கிலோ நான், ஈர உடை, தண்ணீர் பாட்டில், பை எல்லாம் 7 கிலோ, ஆக 105. எனக்கு 150 கிலோ என்று போட்டிருக்கும் கயாக் வேண்டும். 110 போட்டதை 'தாங்கும், வாங்கிக்கோங்க' என்று யாராவது சொன்னால், தாங்கும்தான். தண்ணீர் மடிமேல் உட்கார்ந்திருக்கும்!

ஆரம்பத்துக்கு உள்ளே காலை நுழைக்கும் மாடல் வேண்டாம், மேலே உட்காரும் 'சிட் ஆன் டாப்' போதும். கவிழ்ந்தால் எதிலும் சிக்காமல் விழுவோம், ஏறுவதும் சுலபம். இதன் தளத்தில் ஓட்டைகள் இருக்கும், பயப்படாதீர்கள். கட்டுமரத்தில் ஏறும் அலை கட்டைகளுக்கு இடையில் வடிந்துவிடும் அல்லவா, அதே வேலைதான். ஆனால் நீங்கள் உட்கார்ந்ததுமே அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வந்து ஸீட்டை நனைத்தால், அந்தக் கயாக் உங்களுக்குச் சின்னது.

அகலம் 75 முதல் 90 சென்டிமீட்டர் வரை இருக்கட்டும். வேகம் குறையும், குறையட்டும், ரேஸுக்கா போகிறோம்? படகு அகலமாவதால் துடுப்பும் கொஞ்சம் நீளமாக, 230, 240 சென்டிமீட்டரில் பாருங்கள். இடுப்பளவை வீட்டிலேயே எடுக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தடியான புத்தகத்தை ஒட்டி வைத்து, எழுந்து இடைவெளியை அளந்தால் முடிந்தது. ஸீட் அதைவிட இரண்டு பக்கமும் இரண்டு விரல் அதிகம் இருக்க வேண்டும். உயரமான ஸீட் முட்டிக்கு சுகம், ஆனால் ஆட்டம் அதிகம். தாழ்வானது உறுதி, எழுந்திருக்கும்போது 'அம்மா' என்று கத்தணும். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன்.

காற்றடிக்கும் கயாக் எடை குறைவு, மடித்து வைக்கலாம். ஆனால் நம் எடைக்கு அடித்தளம் நடுவில் தொய்யும்; விறைப்பாக நிற்கும் உயர் அழுத்தத் தளம் கொண்டதாகக் கேளுங்கள். காரங்காடு மாதிரி இடத்தில் சேற்றிலிருந்து ஆணி போல நீட்டியிருக்கும் மூச்சு வேர்களும், அதில் ஒட்டிய சிப்பிகளும் கிழித்துவிடும் அபாயம் வேறு.

லைஃப் ஜாக்கெட்டை மார்புச் சுற்றளவு பார்த்து வாங்குங்கள். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது, அதனால் நாம் ஒல்லியானவர்களைவிட நன்றாகவே மிதப்போம் (இந்த ஒரு இடத்திலாவது ஜெயித்தோம்!). மிதப்பதைவிடப் பொருந்துவதுதான் நமக்குப் பிரச்னை. எல்லா பக்கிளும் பூட்ட வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே இழுத்தால் ஜாக்கெட் தாடையைத் தாண்டி ஏறக்கூடாது. பூட்டவில்லை என்றால் படகில் ஏறாதீர்கள், வரிசையில் எத்தனை பேர் நின்றாலும்.

பணம் கட்டுவதற்கு முன் வாடகைக் கயாக்கில் இரண்டு மூன்று முறை போய்ப் பாருங்கள். போகும் இடத்துக்கு முதலில் போன் செய்து, எடையைச் சொல்லி, ஏற்ற கயாக்கும் ஜாக்கெட்டும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காற்று ஏறுவதற்கு முன், காலை நேரம் நல்லது. மணல் தரையும் இடுப்பளவு தண்ணீரும் உள்ள இடத்தில், துணைக்கு ஆளோடு வேண்டுமென்றே விழுந்து ஏறிப் பழகுங்கள். முதலில் வயிறு படகின் குறுக்கே, பிறகு புரண்டு உட்காருவது, கடைசியாகக் கால். எனக்கு ஐந்தாவது தடவைதான் வந்தது.

வாங்கிவிட்டேனா? இன்னும் இல்லை. மோல்டட் பிளாஸ்டிக் கயாக் ஒன்றே 25 முதல் 35 கிலோ வரை வரும். எங்கள் வீடு இரண்டாவது மாடி. அம்மாவிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். "மொட்டை மாடியில எங்க வேணா வெச்சுக்கோ, வத்தல் காயப்போடுற இடத்தை மட்டும் தொடாதே" என்றிருக்கிறார்.