லண்டன் ஜின்னில் 5 கிராம் விதி: மரக்காணம் மரணங்களோடு இதற்கு என்ன சம்பந்தம்?

புதுச்சேரியில் இருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். விழுப்புரம் மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதுதான். புதுச்சேரி மது பாட்டில்களோடு கார் சிக்கியது, பைக் சிக்கியது என்று அடிக்கடி செய்தி வரும். அங்கே வரி குறைவு, அதனால் விலை குறைவு. கடத்தலுக்குக் காரணம் அவ்வளவுதான்.

அப்படிச் சிக்கும் பாட்டில்களில் விஸ்கி, பிராந்தியோடு ஜின்னும் இருக்கலாம். வரி கட்டாத சரக்குதான், ஆனால் விஷம் இல்லை. விஷம் வந்தது வேறு வழியில். அதைப் புரிந்துகொள்ள அந்த ஜின் பாட்டிலே உதவும்.

எக்கியார்குப்பத்தில் என்ன நடந்தது?

2023 மே மாதம், மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவ கிராமத்தில் சாராயம் என்று விற்கப்பட்டதைக் குடித்தவர்கள் அடுத்தடுத்து மயங்கி விழுந்தார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் இறந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் உயிர்கள் போயின. குடித்தது காய்ச்சிய சாராயமே இல்லை, தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் மெத்தனால் என்று ஆய்வில் தெரிந்ததாக அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு அறிவித்தார்.

இந்த வித்தியாசம் முக்கியம். மதுவில் போதை தருவது எத்தனால். மெத்தனால் அதன் பங்காளி மாதிரி. நிறத்திலோ வாசனையிலோ பிரித்துச் சொல்ல முடியாது. பெயின்ட், தின்னர், ரசாயன ஆலைகளில் அதற்கு வேலை இருக்கிறது. உடம்புக்குள் போனால் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். முதலில் அடிபடுவது பார்வை நரம்பு. 30 மில்லி அளவே ஒருவரைக் கொல்லலாம்.

சரி, லண்டன் ஜின் எங்கே வருகிறது?

'லண்டன் டிரை ஜின்' லண்டனில்தான் செய்யப்பட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அது ஊர்ப் பெயர் அல்ல, செய்முறையின் பெயர். ஜூனிபர் காய், நம்ம சமையலறையில் இருக்கும் மல்லி விதை, சில வேர்கள், எலுமிச்சைத் தோல் ஆகியவற்றை ஆல்கஹாலோடு சேர்த்து வடிக்க வேண்டும். வாசனை எல்லாம் வடிக்கும்போதே இறங்க வேண்டும். பிறகு எசன்ஸ் ஊற்றினால் அது லண்டன் ஜின் இல்லை. லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் சர்க்கரை கூடாது.

ஐரோப்பிய ஒன்றிய விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. லண்டன் ஜின் செய்ய எடுக்கும் மூல ஆல்கஹாலில், 100 லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 5 கிராமுக்கு மேல் மெத்தனால் இருக்கக் கூடாது. நொதிக்கும் எதிலும் துளி மெத்தனால் உருவாவது இயல்பு. அந்தத் துளிக்கே எல்லை போட்டிருக்கிறார்கள். எக்கியார்குப்பத்தில் அது துளி அல்ல, டம்ளரில் இருந்ததே அதுதான்.

இந்த ஒழுங்கு லண்டனுக்குச் சும்மா வரவில்லை. 1690-களில் பிரெஞ்சு பிராந்தியை ஒதுக்குவதற்காக யார் வேண்டுமானாலும் சாராயம் வடிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஏழைகளின் தெருக்கள் ஜின்னில் மூழ்கின. டர்பன்டைன், கந்தக அமிலம் வரை கலந்து விற்றார்கள். 1736-ல் அரசு கடும் சட்டம் போட்டது: சில்லறையில் விற்க ஆண்டுக்கு 50 பவுன் உரிமக் கட்டணம். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. உரிமம் வாங்கியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மற்றவர்கள் திருட்டுத்தனமாக விற்றார்கள். காட்டிக்கொடுத்தவர்களை ஜனம் தெருவில் துரத்தி அடித்தது. 1743-ல் அந்தச் சட்டத்தையே கைவிட்டார்கள்.

1751-ல் வந்த சட்டம் வேறு மாதிரி. குடிப்பவனை விட்டுவிட்டு, வடிப்பவர்கள் நேரடியாகச் சில்லறையில் விற்பதைத் தடுத்தது. தானிய விலையும் ஏறியது. ஜின் வெறி தணிந்தது. 1830-ல் ஏனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற தொடர் வடிகலம் வந்த பிறகு ஆல்கஹால் சுத்தமானது. கெட்ட ருசியை மறைக்கச் சர்க்கரை கொட்டும் அவசியமும் போனது. 'டிரை' என்ற சொல் அங்கிருந்துதான்.

தமிழ்நாட்டுக் கதை இதைத் தலைகீழாகப் படித்த மாதிரி இருக்கிறது. 1991-ல் இங்கே மலிவுச் சாராயம் நிறுத்தப்பட்டது. புதுச்சேரியில் சாராயக்கடைகள் இன்றும் சட்டப்படி நடக்கின்றன. 2003 முதல் டாஸ்மாக் மட்டுமே சில்லறை விற்பனை. கடை விலை கட்டாதவர் எங்கே போவார்? அவருக்காகத்தான் பாக்கெட் சாராயம் காத்திருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால் 65-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. உடனே சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதம் என்று ஆக்கினார்கள். தண்டனை கூடியது நல்லதுதான். ஆனால் மெத்தனால் டிரம் ஆலையின் கேட்டைத் தாண்டும்போதே பிடிபட வேண்டும். பாட்டில் தேடும் சாலைச் சோதனையில் அது சிக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

டானிக் வாட்டர் மருந்தா?

ஜின்னோடு சேரும் டானிக் வாட்டரின் கசப்புக்குக் காரணம் குயினைன். சின்கோனா மரப்பட்டையில் இருந்து எடுக்கும் மலேரியா மருந்து. தென் அமெரிக்க மரமான அதை 1860-களில் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் உருவாயின. நடுவட்டத்தில் சீனக் கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள். ஊட்டியில் இருந்து கூடலூர் இறங்கும்போது அந்தச் சிறைக் கட்டடத்தைப் பார்க்கலாம்.

'வெள்ளைக்கார சிப்பாய்கள் மலேரியாவுக்கு மருந்தாக ஜின்-டானிக் குடித்தார்கள்' என்ற கதை எல்லோருக்கும் பிடிக்கும். கணக்குதான் இடிக்கிறது. இன்று அமெரிக்க விதிப்படி டானிக் வாட்டரில் லிட்டருக்கு சுமார் 83 மில்லிகிராம் குயினைன்தான் இருக்கலாம். பெரியவர் ஒருவருக்கு மலேரியா சிகிச்சைக்கு ஒரு நாளைக்கு சுமார் 1,800 மில்லிகிராம் வேண்டும். அதாவது 20 லிட்டருக்கு மேல் குடிக்கணும். காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள், பாருக்கு அல்ல.

ஜோடி சேர்வதன் ரகசியம் கசப்பும் ஜூனிபர் வாசனையும் ஒத்துப்போவதுதான். வழக்கமான அளவு ஒரு பங்கு ஜின்னுக்கு இரண்டு, மூன்று பங்கு டானிக், நிறைய ஐஸ், ஒரு எலுமிச்சைத் துண்டு. கசப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை உப்பு அதை அடக்கும். பாகற்காய்க்கு உப்பு போட்டுப் பிசைகிற வீட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. மரக்காணம் உப்பளத்து உப்பும் போதும். ஜின் இல்லாமல், டானிக்கும் எலுமிச்சையும் உப்பும் மட்டும் சேர்த்தாலும் நன்றாகவே இருக்கும்.

அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது?

மெத்தனால் விஷத்தில் ஒரு வஞ்சகம் உண்டு. குடித்த உடனே சாதாரணப் போதை மாதிரித்தான் இருக்கும். 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண் மங்கல் தொடங்கும். 'நேற்று குடித்த தலைவலி' என்று படுக்க வைத்துவிடாதீர்கள். வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே 108-ஐ அழைத்து, டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதைப் போலீசுக்குப் பயந்து மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கூடக் குடித்தவர்கள் யார் யார் என்பதையும் சொல்லுங்கள். அவர்களுக்கு இன்னும் அறிகுறி தெரியாமல் இருக்கலாம்.