வண்டிப்பாதையும் ஆலய மதிலும்



சென்ற சனிக்கிழமை காலை, நோயுற்றிருக்கும் ஒரு தாயாரைச் சந்தித்து ஜெபிப்பதற்காக ஏரிக்கரை வழியாக மிதிவண்டியில் சென்றேன். வழியில் ஐந்து இளைஞர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தடித்த டயரும் கியரும் கொண்ட மலை மிதிவண்டிகளில் சென்னையிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவர் தம் கைப்பேசியை நீட்டி, “ஐயா, மேப்பில் இங்கிருந்து ஒரு மண்பாதை தெரிகிறது. போய்ப் பார்த்தால் முள்வேலிதான் இருக்கிறது. பாதை எங்கே போயிற்று?” என்று கேட்டார். விடை தெரிந்திருந்தும் அவரிடம் சொல்ல வெட்கப்பட்டேன். ஆகையால் அதை இந்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த இளைஞர் வேலைநிமித்தம் இரண்டு ஆண்டுகள் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்தவர். மர நிழலில் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அங்கே உயர்ந்த ஆல்ப்ஸ் மலைகளில் மட்டுமல்ல, தாழ்ந்த குன்றுகளும் கோதுமை வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்த நாட்டுப்புறத்திலும் மலை மிதிவண்டிக்கென்று குறியிடப்பட்ட தடங்கள் உண்டு. ஒரு முக்கோணமும் இரண்டு வட்டங்களும் அவற்றின் அடையாளம். மிக எளிய தடத்துக்குப் பச்சை, எளியதற்கு நீலம், கடினமானதற்குச் சிவப்பு, மிகக் கடினமானதற்குக் கறுப்பு என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு வரும் குடும்பத்தார் பச்சைக் குறியைப் பின்பற்றிச் சென்றால் போதும். இவற்றில் பல புதிதாக வெட்டப்பட்டவை அல்ல; உழவர் வண்டி ஓட்டியும் கால்நடைகள் நடந்தும் உண்டான பழைய கிராமப் பாதைகள்.

அவர்களுக்கும் இது எளிதாகக் கிடைத்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிறு நிலங்களை ஒன்றிணைத்துப் பெரிய வயல்களாக்கியபோது, அங்கும் எத்தனையோ பாதைகள் உழுது அழிக்கப்பட்டன. பின்பு 1983 ஜூலை 22-ஆம் நாளிட்ட சட்டம், ஒவ்வொரு மாவட்டமும் தன் நடைவழிகளைப் பட்டியலிட வழிசெய்தது. அந்தப் பட்டியலில் சேர்ந்த கிராமப் பாதையை விற்க வேண்டுமானால், தொடர்ச்சி அறுபடாதபடி ஈடான மாற்றுப் பாதை தரவேண்டும். தராவிட்டால் விற்பனை செல்லாது. அங்கே இளைஞர் மிதிவண்டி ஓட்டி மகிழ்வது அழகான நிலத்தினால் மட்டுமல்ல, பாதையைக் காத்த அச்சட்டத்தினாலும்தான்.

பிரியமானவர்களே, அழகான நிலம் நமக்கும் குறைவில்லை. கூரம் முதல் உத்திரமேரூர் வரை இது ஏரிகளின் நாடு. முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து பிரியும் பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும் குறிப்பிடுகிறது. அது 7-ஆம் நூற்றாண்டு. ஒருபுறம் நீரும் மறுபுறம் நெல் வயலும் நடுவே பனைமரங்களும் நிற்கும் நம் ஏரிக்கரைகளில் மேடுபள்ளம் அதிகமில்லை. பிரான்ஸ் நாட்டுக் கணக்கில் பெரும்பாலும் பச்சை நிறத் தடங்கள்தான் இங்கே அமையும்.

உத்திரமேரூர் என்றதும் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளும் குடவோலை முறையும் நம் நினைவுக்கு வரும். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர்ச்சபை குழுக்கள் அமைத்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அவ்வூர்க் கல்வெட்டுகளில் என்னை மிகவும் தொட்டது வேறொன்று. ஒரு நிலத்தை அடையாளம் சொல்லும்போது, இன்ன பெயருடைய வதிக்குக் கிழக்கு, இன்ன பெயருடைய வாய்க்காலுக்கு வடக்கு என்றே எழுதினார்கள். வதி என்றால் பாதை. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பெயர் இருந்தது. ஒருவருடைய நிலம் எங்கே இருக்கிறது என்பதற்கு, எல்லாருக்கும் பொதுவான பாதையே சாட்சியாக நின்றது. பாதையை விழுங்கினால் தன் நிலத்துக்குரிய அடையாளத்தையே அழிப்பதாகும் என்று அம்மக்கள் அறிந்திருப்பார்கள்.

இன்று நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் உழவின்போது ஒரு சால் பாதைக்குள் போகிறது. பிறகு கல் நடப்படுகிறது. அதன்பின் வேலி வருகிறது. மனைப் பிரிவு போடுகிறவர்கள் வந்தால் பாதை முழுவதுமே மறைந்துபோகிறது. இந்த இழப்பு எல்லாருக்கும் ஒன்றுபோல் இல்லை. சாலையோரம் நிலமும் வீட்டில் டிராக்டரும் உள்ளவருக்கு வண்டிப்பாதை போனாலும் வழி உண்டு. நிலமற்ற கூலியாளுக்கும், அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் மாணவிக்கும் வேறு வழியில்லை. அந்தப் பிள்ளை டிப்பர் லாரிகள் விரையும் சாலைக்குத் தள்ளப்படுகிறாள். 1991-92 ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது கிராமப் பெண்கள் திரளாக மிதிவண்டி பழகியதைக் கேட்டு வியந்தோம். மிதிவண்டியைக் கொடுத்துவிட்டுப் பாதையை அடைத்தால் அவர்கள் பெற்ற விடுதலை யாருக்குப் பயன்படும்?

இனி அந்த இளைஞரிடம் சொல்ல வெட்கப்பட்டதைச் சொல்கிறேன். சென்ற மழைக்காலத்தில் காலனியைச் சேர்ந்த நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வண்டிப்பாதை வழியாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கால்மணி நேரத்தில் போய்விடலாம். பாதை வேலியிட்டு அடைக்கப்பட்டிருந்ததால், மழையில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு சாலையைச் சுற்றிச் சென்றோம். லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். வேலி போட்டவரும் நம் சபையாரே. அடக்க ஆராதனைக்குப் பின் அவரிடம் பேசச் சென்றேன். அவர் கோபப்படாமல், “ஐயா, என் வேலியைச் சொல்லுமுன் நம் கோயில் மதிலை அளந்து பாருங்கள்” என்றார்.

அளந்தோம். நில அளவர் புலப்படத்தை விரித்து, சங்கிலி பிடித்துக் காட்டினார். நம் ஆலயத்தின் மேற்கு மதில் வண்டிப்பாதைக்குள் மூன்றரை அடி நீண்டிருக்கிறது. 11 ஆண்டுகளுக்கு முன் அந்த மதிலுக்கு ஜெபித்து அடிக்கல் நாட்டியவன் நான். அன்று புலப்படத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆலயத்துக்காகத்தானே என்று எண்ணிவிட்டேன். ஆலயத்துக்காக எடுத்தாலும் அது ஏழையின் வழியிலிருந்து எடுத்ததே.

எண்ணாகமம் 20-ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். இஸ்ரவேலர் ஏதோமின் ராஜாவிடம் வழி கேட்டார்கள். வயலில் இறங்கமாட்டோம், கிணற்றுத் தண்ணீரைத் தொடமாட்டோம், பொதுப்பாதையில் நடந்து மட்டும் போய்விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தும், ஏதோம் படையோடு வந்து மறித்தது. ஏதோம் அந்நியன் அல்ல, சகோதரன். அதுவே அந்த நிகழ்ச்சியின் துயரம். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சீஷர்களோடு விளைந்த பயிரின் ஊடாகச் செல்கிறார். கதிர் கொய்ததைப் பற்றியும் ஓய்வுநாளைப் பற்றியும் பரிசேயர் குறை சொன்னார்கள். அவர் அந்த வழியாக நடந்ததை அவர்களும் குறை சொல்லவில்லை. வயலின் நடுவே வழி இருப்பது அத்தனை இயல்பானதாய் இருந்தது.

உழவர்களான உங்களுடைய அச்சத்தையும் நான் அறிவேன். பாதையைத் திறந்தால் மண் லாரி நுழையும், மாடு மேயும், நகரத்து இளைஞர் வரப்பை மிதிப்பார்கள் என்கிறீர்கள். அது நியாயமான அச்சம். வாய்ப்புள்ள இடங்களில், மாட்டுவண்டி போகவும் லாரி நுழையாதிருக்கவும் ஏற்ற அகலம் விட்டு, வாயிலில் கல்தூண் நடுமாறு ஊராட்சியைக் கேட்போம். மிதிவண்டியில் வருவோரும் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ள வேண்டும். நடவு வயலின் வரப்பில் ஏறக்கூடாது. மழை பெய்து ஈரம் காயாத கரையில் ஓட்டக்கூடாது. டயர் பதிந்த பள்ளத்தில் நீர் ஓடி, கரை அரித்துவிடும். இவற்றை அந்த ஐவரிடமும் சொன்னேன், மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள்.

உங்களால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் நிலத்தின் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். வண்டிப்பாதை புறம்போக்கு என்று தனிப் புல எண் இருந்தால் அது அரசின் நிலம். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஆக்கிரமிப்பை அகற்ற இடமுண்டு. பட்டா நிலத்தின் குறுக்கே செல்லும் வழியாக இருந்தாலும், 20 ஆண்டுகள் தடையின்றி உரிமையோடு வெளிப்படையாக நடந்துவந்தவருக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் வழியுரிமை தருகிறது. ஆனால் விசுவாசிகளாகிய நாம் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? நாமே அளந்து, நாமே பின்வாங்குவது நல்லது.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைக் கமிட்டி கூடுகிறது. மேற்கு மதிலை இடித்து, மூன்றரை அடி உள்ளே தள்ளிக் கட்டவேண்டும் என்று முன்மொழியப்போகிறேன். காணிக்கைப் பணத்தில் கட்டியதை இடிக்கலாமா என்று சிலர் வருந்துவீர்கள். என் மாதச் சம்பளத்திலிருந்து முதல் பங்கைத் தருகிறேன். மதில் நகர்ந்த பிறகே அந்தச் சகோதரரின் வீட்டுக்கு மறுபடியும் சென்று, வேலியைப் பற்றிப் பேசுவேன். அவர் கேட்பார் என்று நம்புகிறேன்.

அவரும் மனமிரங்கினால், அடுத்த முறை நம்மில் ஒருவரைக் கல்லறைத் தோட்டத்துக்குச் சுமந்து செல்லும்போது பழைய பாதையிலேயே செல்வோம். அந்த இளைஞர்கள் மீண்டும் வந்தால், நானே முன்னே மிதிவண்டியில் சென்று வழி காட்டுவேன்.

நம் பாதைகளைக் கர்த்தர் செவ்வைப்படுத்துவாராக. ஆமென்.

உங்கள் ஊழியன்,
சபைப் போதகர், கூரம்