தறிக்குழியும் ஆலை வாயிலும்



காஞ்சியிலிருந்து வாலாசாபாத் செல்லும் சாலையிலே இருக்கிறது ஐயம்பேட்டை. பட்டு நெசவாளர் வாழும் ஊர். அந்த ஊருக்கும் அதைப் போன்ற ஊர்களுக்கும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள் பொருளாதார மேதைகள் சிலர். நெசவாளியின் மகன் தறியை விட்டு ஆலைக்குப் போகிறான், கூலி குறைந்த இடத்திலிருந்து கூலி மிகுந்த இடத்துக்கு உழைப்பு நகர்கிறது, இதுவே வளர்ச்சி, இதற்கு ஏன் கண்ணீர் என்று கேட்கின்றனர் அவர்கள்.

கண்ணீர் வடிக்க நாம் வரவில்லை. கணக்குக் கேட்க வந்திருக்கிறோம்.

தறியை விட்டுச் செல்லும் இளைஞனை நாம் குறை கூறோம். தந்தை நெய்தார், ஆகவே மகனும் நெய்யட்டும் என்பது கலைப்பற்று அன்று, குலத்தொழில் வாதம். 1953-இல் அந்த வாதம் கல்வித் திட்டமாக வந்தது. தமிழகம் கிளர்ந்தெழுந்தது, 1954-இல் அத்திட்டம் ஒழிந்தது. அதே 1953-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான், விற்காமல் தேங்கிய கைத்தறித் துணிகளைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாக விற்றார் காஞ்சி தந்த அண்ணா. இரண்டும் முரணா? இல்லை! போக விரும்புகிறவனுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். இருக்க விரும்புகிறவனுக்கு வயிறு நிறைய வேண்டும். இரண்டும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள்.

இன்று என்ன நடக்கிறது? இந்திய அரசின் கணக்கெடுப்பையே பாருங்கள். 1995-96-இல் கைத்தறித் தொழிலாளர் ஏறத்தாழ 65 லட்சம். 2009-10-இல் 43 லட்சம். 2019-20-இல் 35 லட்சம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை! எஞ்சியோரில் மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களின் மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்கும் கீழே என்பதும் அதே கணக்கெடுப்பு கூறுவதுதான். இவர்கள் ஆலையின் ஒளி கண்டு ஓடினார்களா, வீட்டின் இருள் தாங்காமல் ஓடினார்களா? மேதைகள் கூறட்டும்!

சந்தை கூலியை நிர்ணயிக்கிறது என்கின்றனர். எந்தச் சந்தை? பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி கொடுக்கிறார், முன்பணமும் கொடுக்கிறார். அந்தக் கடன் தீரும்வரை வேறு முதலாளியின் வாசலை மிதிக்க முடியாமல் தவிக்கும் நெசவாளர் எத்தனை பேர்! கோர்வைப் புடவை நெய்ய ஒருவர் கை போதாது. கரை நாடாவை எறிய அருகிலே இன்னொருவர் வேண்டும். பாவு புனைவதிலும் நூல் சுற்றுவதிலும் வீட்டுப் பெண்களின் பகல் கரைகிறது. கூலியோ ஒரு புடவைக்கு. உழைப்போ ஒரு குடும்பத்தினுடையது! மனைவியின் உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

கைத்தறிக்குச் சில வகைகளை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் 22 வகைகளைக் காத்தது. 1996-இல் அது 11 ஆகச் சுருங்கியது. அந்தப் பதினொன்றையும் விசைத்தறி மீறுகிறது. 2020-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியமே கலைக்கப்பட்டது. இது சந்தையின் இயற்கையா? அரசின் செய்கை அல்லவா?

சரி, தறியை விட்டவன் எங்கே போகிறான்? திருப்பெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம். அங்கே காத்திருப்பது என்ன? ஒப்பந்தக் கூலி, விடுதி அறை, நாளை வேலை உண்டா என்ற ஐயம். 2006-இல் திறக்கப்பட்ட நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகித் தோழியர் நோயுற்றதைக் கண்டு, பாக்ஸ்கான் பெண் தொழிலாளர் நெடுஞ்சாலையிலே அமர்ந்தனர். 2024-இல் சாம்சங் தொழிலாளர் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். முதன்மைக் கோரிக்கை எது? எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள் என்பது!

தறிக்கும் ஆலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 1979-இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் லூயிஸ், 1954-இல் எழுதிய ஆய்வுரையிலேயே விடை தந்திருக்கிறார். பழந்தொழிலில் உழைப்பவன் பெறும் வருவாயே ஆலைக் கூலிக்கு அடித்தளம். அதற்குச் சற்று மேலே கொடுத்தால் ஆள் கிடைத்துவிடும். ஆகவே பழந்தொழில் செழிப்பதைத் தடுப்பதிலே முதலாளிக்கு நேரடி ஆதாயம் உண்டு என்றும் அவர் சுட்டிக்காட்டினார். ஐயம்பேட்டைத் தறியின் கூலி தாழ்ந்தால், சுங்குவார்சத்திரத்து ஒப்பந்தக்காரன் தரும் கூலியும் தாழும். இங்கே உயர்ந்தால் அங்கேயும் உயர்த்தியாக வேண்டும். நெசவாளி வேறு, ஆலைத் தொழிலாளி வேறு என்று எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

இன்னொன்றும் கூறியாக வேண்டும். நம்மவர் சிலருக்குக் கசக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவன் நம் கூலியைக் கெடுத்தான் என்ற பேச்சு நம் கூட்டங்களிலும் கேட்கிறது. அவனும் தன் ஊரில் வயிறு காய்ந்து வந்தவனே. அவனைக் குறைந்த கூலிக்கு அமர்த்துபவன் யார்? அந்தக் கையை விட்டுவிட்டு, அமர்த்தப்பட்டவனின் கழுத்தைப் பிடிப்பது வீரமா? அவனை வெறுத்தால் அவன் கூலி உயராது. சங்கத்தில் சேர்த்தால் உயரும். நம் கூலியும் அதனோடு காக்கப்படும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. 300 பேர்வரை வேலை செய்யாத ஆலை, அரசின் முன்அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்யலாம். முன்பு அந்த வரம்பு 100. வேலைநிறுத்தத்துக்கோ முன்னறிவிப்பு கட்டாயம்! வேலையின் எதிர்காலம் எந்திரத்தால் மட்டும் எழுதப்படுவதன்று, தோழர்களே. இத்தகைய சட்டங்களாலும் எழுதப்படுகிறது. 2023-இல் தமிழ்நாட்டிலே 12 மணிநேர வேலைக்கு வழிதிறந்த திருத்தம் எதிர்ப்பின் முன் திரும்பப் பெறப்பட்டதே! எழுதியதை அழிக்கவும் முடியும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. புடவைக் கூலியிலே உடனுழைக்கும் கையின் கூலியும் சேரட்டும். முன்பணக் கட்டு அவிழட்டும். ஒதுக்கீட்டுச் சட்டம் ஏட்டை விட்டு இறங்கித் தெருவிலே நடக்கட்டும். நிரந்தர வேலைக்கு நிரந்தரத் தொழிலாளி. சங்கம் அமைத்தால் ஏற்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமை படித்துவிட்டு ஏட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். ஆலையிலிருந்து திரும்பும் மகனும் தறியில் அமர்ந்திருக்கும் தந்தையும் ஒரே வீட்டில்தான் உறங்குகின்றனர். அவர்கள் ஒரே கூட்டத்திலும் அமரவேண்டும். அந்தக் கூட்டத்தைக் கூட்டுவது உங்கள் வேலை.