சொல்லிக்கொடுக்க வருமா?

ஒவ்வொரு ஆண்டும் ஜூலை மாதக் கடைசியில் ஐ.ஐ.டி.களின் துறை அலுவலகங்களில் ஒரு பட்டியல் தயாராகிறது. எம்.டெக். வகுப்பில் அப்போதுதான் சேர்ந்தவர்களில் யார் எந்தப் பாடத்துக்கு ‘டீச்சிங் அசிஸ்டென்ட்’ என்ற பட்டியல். முழு ஆசிரியரும் அல்ல, வெறும் மாணவரும் அல்ல. இரண்டுக்கும் நடுவே ஒரு பதவி. லேபில் நிற்பது, டுடோரியல் வகுப்பில் சந்தேகம் தீர்ப்பது, விடைத்தாள் திருத்துவது என்று பொதுவாக வாரம் 8 மணி நேர வேலை. மத்திய அரசு தரும் உதவித்தொகை மாதம் ரூ.12,400.

பட்டியல் தயாராகும் விதத்தில் ரகசியம் ஏதும் இல்லை. மாணவர் கூட்டம் அதிகமுள்ள பாடத்துக்கு அதிகம் பேர். லேபுக்கு இத்தனை பேர். தெரிந்த மாணவரைப் பேராசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வதும் உண்டு. மற்றவர்கள் கால அட்டவணை இடம் கொடுக்கும் இடத்தில். இவருக்குச் சொல்லிக்கொடுக்க வருமா என்ற கேள்வி மட்டும் அபூர்வமாகவே எழுகிறது.

‘கேட்’ தேர்வில் தேறியவர்களாயிற்றே என்பதுதான் வழக்கமான பதில். 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். பாட அறிவை அது கறாராகவே சோதிக்கிறது. ஆனால் எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் முடிந்துவிடுகிறது. தனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குப் புரியவைக்கும் திறமை அந்தத் தேர்வில் அகப்படாது.

நஷ்டம் யாருக்கு? நூற்றுக்கணக்கானவர்கள் உட்காரும் முதலாண்டு வகுப்பில் பேராசிரியர் எட்டாத தூரத்தில் இருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்புவரை தாய்மொழியில் படித்துவிட்டு வந்த மாணவர் கூச்சத்தை விட்டு வாய் திறக்கக்கூடிய இடம் டுடோரியல்தான். அங்கே நிற்பவர் தடுமாறினால் அந்தக் கதவும் அடைபட்டுவிடும். ஒரே மாதிரி விடைக்கு ஒருவர் 7 மதிப்பெண் போட, பக்கத்து அறையில் இன்னொருவர் 4 போட்டால், கிரேடே மாறிப்போகும். திருத்துபவரையும் குறை சொல்லிப் பயனில்லை. அதே வாரம் அவருக்கும் தேர்வு இருக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு இது தெரியாமல் இல்லை. 2022 நவம்பரில் அது வெளியிட்ட பி.எச்டி. விதிமுறைகளின்படி, எந்தத் துறை ஆராய்ச்சி மாணவரானாலும் தன் பாடத்தைக் கற்பிப்பதிலும் எழுதுவதிலும் பயிற்சி பெற வேண்டும். டுடோரியல், லேப், மதிப்பீடு போன்ற பணிகளை வாரம் 4 முதல் 6 மணி நேரம் அவர்களிடம் ஒப்படைக்கலாம். நல்ல விதிதான். ஆனால் பயிற்சி எத்தனை நாள், யார் தருவது, தேறாதவரை என்ன செய்வது என்பதெல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. தவிர, இது பி.எச்டி. மாணவர்களுக்கான விதி. எம்.டெக். மாணவர்கள் இதில் வரமாட்டார்கள். ஐ.ஐ.டி.களோ 1961ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்கீழ் இயங்குபவை.

இன்றைய உதவியாளர்தான் நாளைய உதவிப் பேராசிரியர் என்பதால் விஷயம் இன்னும் தீவிரமாகிறது. 2023 ஜூலை முதல் அந்தப் பதவிக்கு நெட், செட் அல்லது ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, பி.எச்டி. கட்டாயமல்ல. நெட் தேர்வின் முதல் தாளில் கற்பிக்கும் திறனும் சோதிக்கப்படுகிறது – சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் மூலம்! நீச்சல் தெரியுமா என்பதைக் காகிதத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது போலத்தான் இதுவும்.

2018இல் தொடங்கிய பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம் ஒரு மாற்று வழியைக் காட்டியது. அதைப் பெறுபவர்கள் வாரம் ஒருமுறை அருகிலுள்ள ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் அல்லது பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும். சொல்லிக்கொடுப்பதும் ஆராய்ச்சியாளரின் வேலைதான் என்பதை ஒப்புக்கொண்ட திட்டம் அது. ஆனால் மாதம் ரூ.70,000த்தில் தொடங்கும் அந்த உதவித்தொகை வெகுசிலருக்கே கிடைக்கிறது.

மற்றவர்களுக்காகச் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. செமஸ்டருக்கு முன் ஒரு வாரப் பயிற்சி, திருத்துபவர்கள் எல்லோருக்கும் ஒரே விடைக்குறிப்பு, முதல் மாதத்தில் ஒருநாளாவது பேராசிரியர் டுடோரியலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பது. லேபில் இருக்கும் தராசைக்கூடச் சரிபார்த்துவிட்டுத்தான் மாணவர் கையில் கொடுக்கிறார்கள். மதிப்பெண் போடும் கையை மட்டும் யாரும் சரிபார்ப்பதில்லை.